புங்கமரத்துக் காக்கை

பறவைகளுக்கு இரை போடுகிறவர்கள் சாதுவானவர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நான் சாது இல்லை, பயந்தவள். கல்யாணமாகி ஓசூருக்கு வந்த புதிதில், என் கணவர் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நான் மட்டும்தான். கம்பெனிச் சங்கு ஊதினாலும் பயம், ஊதவேண்டிய நேரத்துக்கு ஊதாவிட்டால் அதைவிடப் பயம். கொல்லைப்பக்கம் ஏதாவது ஓர் உயிர் நடமாடினால் தேவலை என்றுதான் முதல் பிடிச் சோற்றை மதில்மேல் வைத்தேன். புண்ணியத்துக்கு வைக்கவில்லை, துணைக்கு வைத்தேன்.

தொழிற்பேட்டை வந்து ஊர் நாலாபக்கமும் வீங்கிக்கொண்டிருந்த காலம் அது. வாடகைக்கு எங்களுக்குக் கிடைத்தது ஒரு வீட்டின் பின்பாதி. முன்பாதியில் வீட்டுக்காரம்மா இருந்தார். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், என்னிடம் தமிழ். நாற்பது வயதிருக்கும், கணவர் இல்லை. லாரி ஓட்டும் தம்பி ஒருவர் கூடவே இருந்தார். அந்த அம்மாவை நான் அக்கா என்பேன், தம்பியை அண்ணா என்பேன். கொல்லை இரண்டு வீட்டுக்கும் பொது. அதில் ஒரு துவைக்கிற கல், சிமெண்ட் தொட்டி, மூலையில் பெரிய புங்கமரம். மரத்தடியில்தான் என் கணவர் சைக்கிளை நிறுத்துவார்.

நான் பறவைக்கு இரை போடுகிறேன் என்று கேள்விப்பட்டு என் அப்பா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. சாமல்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு மானாவாரி நிலம். கேழ்வரகு, சோளம், நிலக்கடலை. சோளம் பால் பிடிக்கும் நாளில் என்னைப் பரண்மேல் ஏற்றி உட்காரவைத்துவிடுவார்கள். தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு, தொண்டை கட்டும்வரை கத்திக் கிளி விரட்டுவேன். குருவி விரட்டுவேன். அப்படி வளர்ந்தவள் இங்கே வந்து விருந்து வைக்கிறேன்.

"ஏம்பாப்பா, எங்கழனியில தின்னது பத்தாதுன்னு நீ வேற அதுங்களுக்கு ஓசூர்ல ஓட்டல் வெச்சிருக்கிறியா?" என்றார்.

சொல்லிவிட்டு, அடுத்த தடவை லாரிக்கார அண்ணா மாங்காய் லோடு ஏற்ற அந்தப் பக்கம் போனபோது, எனக்கு அனுப்பிய கேழ்வரகு மூட்டையோடு ஒரு சின்னப் பையில் நொய்யும் கட்டிக் கொடுத்தனுப்பியிருந்தார். "இது ஓட்டலுக்கு" என்று சொல்லச் சொன்னாராம். அப்படித்தான் லாரிக்கார அண்ணாவுக்கு எங்கள் ஊர் வீடு தெரியும். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கிறது.

காலையில் நொய்யைத் துவைக்கிற கல்லைச் சுற்றித் தூவுவேன், மிச்சக் களியை உருட்டி மதில்மேல் வைப்பேன். முதலில் சிட்டுக்குருவிகள் வரும். பிறகு தவிட்டுக்குருவிகள், கூட்டமாக, கல்யாண வீட்டுக்கு வந்த சம்பந்திகள்போல வாய் ஓயாமல். மைனா ஜோடி ஒன்று நடந்தே வரும், பறக்கத் தெரியாததுபோல. புறா தனியாக வந்து, மற்றவை போனபின் தரையில் கிடப்பதைப் பொறுக்கும். காக்கைகள்தான் அதிகாரிகள். சாம்பல் கழுத்து ஜோடி ஒன்று எங்கள் புங்கமரத்தைக் குடியிருப்பாக வைத்திருந்தது. அதில் ஆண் காக்கைக்கு மேலலகு நுனியில் கொஞ்சம் வளைவு, அதை வைத்து அடையாளம் கண்டுகொள்வேன். களி கெட்டியாக இருந்தால் தொட்டியில் முக்கித் தின்னும். என் கையில் கரண்டி இருக்கிறதா, துடைப்பம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கும்.

அந்தக் கோடையில் அவை கூடு கட்டின. குச்சி கொஞ்சம்தான், மற்றதெல்லாம் இரும்பு. பட்டறைகளில் லேத்திலிருந்து சுருள் சுருளாக விழுமே, அந்தப் பிசிறு. கட்டுக்கம்பி. மழுங்கிய வெல்டிங் ராடு ஒன்றுகூட இருந்தது. வெயில் பட்டால் கூடு மின்னும். என் கணவர் நிமிர்ந்து பார்த்து, "எங்க கம்பெனி மெட்டீரியலு. ஸ்டோர்ல எழுதாம எடுத்துக்கினு வந்திருக்குது" என்று சிரித்தார்.

அவர் எதற்கும் சிரிப்பார். அதுவே எனக்குப் பயம். அவர் வேலை பவர் பிரஸ்ஸில். மேலிருந்து இறங்கும் இரும்புக்குக் கீழே தகட்டைத் தள்ளி, கையை எடுத்துக்கொள்ள வேண்டும், நாள் முழுக்க. அந்த மாதம்தான் அவர் செக்‌ஷனில் ஒருவருக்கு விரல்கள் போயின. அந்த மனிதரின் மனைவியை நான் கடையில் பார்த்தேன். எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தார். எல்லாரையும்போலத்தான் நின்றிருந்தார், ஆனால் நான் வாங்க வந்ததை வாங்காமல் திரும்பிவிட்டேன்.

குஞ்சு பொரித்துச் சில நாள் கழித்து, காற்றில் ஒரு குஞ்சு கீழே விழுந்துவிட்டது. இறகு சரியாக முளைக்காத, வாய் மட்டும் சிவப்பாகத் திறந்த குஞ்சு. என் கணவர் அதை உள்ளங்கையில் எடுத்து, துவைக்கிற கல்மேல் ஏறி, எட்டிக் கிளையில் வைத்தார். நல்லதுதான் செய்தார். காக்கைகளுக்கு அது எப்படித் தெரியும்? அவற்றின் கண்ணுக்கு, குஞ்சைக் கையில் பிடித்த திருடன் அவர். காக்கை முகத்தை மறக்காது. அன்றிலிருந்து அவர் கொல்லைக்கு வந்தால் இரண்டும் தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றும். நான் போனால் ஒன்றும் செய்யாது. இதை நான் தினமும் பார்த்தேன், ஆகவே எனக்குக் காரணம் தெரியும். காரணம் தெரிந்தும் பயம் போகவில்லை என்பதைத்தான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வாரம் அவருக்கு முதல் ஷிப்ட். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் சைக்கிளை எடுக்க மரத்தடிக்குப் போனார். நான் டிபன் கேரியரோடு வாசற்படியில் நின்றேன். வளைந்த அலகுக்காரன் சத்தமே போடாமல் பின்னாலிருந்து வந்து, நடு உச்சியில் இரண்டு காலாலும் ஓங்கித் தட்டிவிட்டுப் போனான். 'டப்' என்று கேட்டது. அவர் குனிந்து, தலையைத் தடவி, கையைப் பார்த்தார். ஒரு பொட்டு ரத்தம்.

"பாரு, சோறு போட்ட வீட்டுலயே கை வெக்குது" என்று சிரித்துவிட்டு, கேரியரை வாங்கி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

முன்பக்கம் வாசல் தெளித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா, சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறார். "தேவுடா" என்று வாயைப் பொத்திக்கொண்டவர், என்னிடம் வந்து முதுகைத் தடவினார். "நீ ஒண்ணும் யோசிக்காத. நான் பாத்துக்கறேன்" என்றார்.

காக்கை தலையில் தட்டினால் சனி இறங்கியதாக எங்கள் பக்கத்தில் அர்த்தம். தட்டு வாங்கியவர் உயிருக்கே ஆகாது என்பார்கள். அக்கா எள்ளெண்ணெய் விளக்குப் போடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே வந்து படுத்தேன், படுக்க முடியவில்லை. அடுப்பைப் பற்றவைத்தேன், அணைத்தேன். மேலிருந்து இறங்கும் இரும்பு கண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. குஞ்சுக்காகத்தான் தட்டியது, குஞ்சுக்காகத்தான் தட்டியது என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். புத்தி சரி என்றது, வயிறு கேட்கவில்லை.

வெயில் ஏறியபின், பழக்கதோஷத்தில் நொய்யை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். குருவிகள் இறங்கின. வீட்டுக்காரம்மா முழம் பூவோடு வந்து என் தலையில் வைத்தார்.

"தம்பிகிட்ட சொல்லி அனுப்பிட்டேன். விடியவே லாரி எடுத்துட்டான். இந்நேரம் கிருஷ்ணகிரி தாண்டியிருப்பான்."

"என்னா சொல்லி அனுப்பினீங்க அக்கா?"

"வேற என்னா? ஒங்க வூட்டுக்காரரு மெஷின்ல மாட்டிப் போயிட்டாருன்னு."

என் கையிலிருந்த நொய் மொத்தமும் தரையில் கொட்டியது. அவர் சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. எங்கள் ஊரிலும் உள்ள வழக்கம்தான். காக்கை தட்டியவர் செத்துவிட்டார் என்று நெருங்கிய சொந்தத்துக்கு ஆள் அனுப்பிப் பொய் சொல்ல வேண்டும். அவர்கள் நம்பி, வாய்விட்டு அழ வேண்டும். அந்த அழுகையோடு வரவிருந்த சாவு கழிந்துபோகும். அழுது முடித்ததும் ஆளே உண்மையைச் சொல்லி, வசவு வாங்கிக்கொண்டு, மோர் குடித்துவிட்டு வருவான்.

"யாருகிட்ட சொல்லச் சொன்னீங்க?"

"ஒங்க அப்பாகிட்டதான். அவருக்கு அழறதுக்கு வேற யாரு இருக்காங்க?"

உண்மைதான். என் கணவருக்குத் தாய் தகப்பன் இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை. அவருக்காக அழ உலகத்தில் என் வீடு மட்டும்தான் இருந்தது. ஆனால் அதற்கு முந்தைய வருஷம் என் அப்பா கழனியில் ஏர் ஓட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கிருஷ்ணகிரி டாக்டர், இதயம் பலவீனம், அதிர்ச்சியாக எதையும் காதில் போட்டுவிடாதீர்கள் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டுக்காரம்மாவுக்கு இது தெரியாது. நான் சொல்லியதில்லை. நோயைப் பற்றி வெளியே பேசினால் அது வளரும் என்று இன்னொரு பயம் எனக்கு.

இப்போது சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது. ஆனாலும் நான் கிளம்பியதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போ. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. அழுகை வர்றதுக்கு முன்னாடி உண்மையைச் சொல்லிட்டா பலிக்காது. அது அவரு தலைமேலயேதான் நிக்கும்."

அவர் கெட்டவர் இல்லை. என் கணவரைச் சொந்தத் தம்பிபோலத்தான் நினைத்தார். அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

போன் இருந்தால் ஒரு நிமிஷ வேலை. சாமல்பட்டியில் போன் இருந்தது ரயில்வே ஸ்டேஷனில், அது ரயிலுக்காக. என் கணவரிடம் சொல்லலாம் என்றால், பிரஸ்ஸில் நிற்பவரிடம் இதைச் சொல்லி அவர் கவனம் சிதறினால்? அதை நினைத்ததுமே கம்பெனிப் பக்கம் திரும்பாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஜன்னலோர சீட். முன்னால் போகும் ஒவ்வொரு லாரியையும் பார்த்தேன். அண்ணா டீக்கடை கண்டால் நிறுத்துகிறவர், டயரைத் தட்டிப் பார்க்கிறவர், தெரிந்தவர்களைக் கண்டால் கன்னடத்தில் கால்மணி நேரம் பேசுகிறவர். அந்தச் சோம்பலையெல்லாம் எத்தனையோ நாள் கிண்டல் செய்திருக்கிறேன். இன்று அதுதான் கடவுள். சூளகிரி மலை வந்தது. மேட்டில் பஸ் முனகிக்கொண்டு ஏறியது. மலையடிவாரத்தில் நிறுத்தியிருந்த லாரிகளில் நம் லாரி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்ததில் தலை கம்பியில் இடித்தது. இல்லை.

அப்பாவின் நெஞ்சை நினைத்தேன். பிறகு என் கணவரின் கையை நினைத்தேன். அப்பாவை நினைத்தால் பஸ் ஊர்ந்தது. அவரை நினைத்தால், நான் எதற்கு இப்படிப் பறந்துகொண்டு போகிறேன் என்று தோன்றியது. நான் முந்திக்கொண்டால் அப்பா அழமாட்டார். அப்பா அழாவிட்டால் அது அவர் தலைமேல் நிற்கும். நான் பிந்திப்போனால் அப்பாவின் நெஞ்சு. இதெல்லாம் மூடத்தனம், காக்கை குஞ்சுக்காகத்தான் தட்டியது என்று எனக்கே தெரியும். ஊரிலேயே அந்தக் காக்கையை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. அந்த அறிவு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரக்கூட இல்லை.

கிருஷ்ணகிரியில் ஊத்தங்கரை பஸ் மாறினேன். மத்தூர் தாண்டும்போது பக்கத்திலிருந்த அம்மா, "ஏம்மா, எதாவது கெட்ட சேதியா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் திறந்தேன், அழுகைதான் வந்தது. அதுவரை ஒரு சொட்டு வரவில்லை. அந்த அம்மா வேறொன்றும் கேட்காமல் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வீட்டுக்காரம்மா வைத்த பூ, ஜன்னல் காற்றில் எப்போதோ பறந்துபோயிருந்தது. தலை அவிழ்ந்து கிடந்தது. எனக்கு எதுவும் தெரியவில்லை.

சாமல்பட்டியில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். பஸ் நின்றது. டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்தார். என் பாதி மனசு அந்த கேட்டைக் கும்பிட்டது. இப்படியே இருக்கட்டும், ரயில் மெதுவாக வரட்டும், அப்பா அழுது முடிக்கட்டும், தாங்கிக்கொள்ளட்டும், இரண்டு பேரும் எனக்கு இருக்கட்டும். மறுபாதி மனசு கேட்டைத் தூக்கி எறியச் சொன்னது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு கூட்ஸ் வண்டியின் ஊதல் தூரத்தில் கேட்டது. இறங்கி, கேட்டுக்குக் கீழே குனிந்து, தண்டவாளத்தைத் தாண்டி ஓடினேன்.

அப்பாவைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஓடும்போதே அது எனக்குத் தெரிந்தது. என் கணவரைக் கைவிட்டுவிட்டேன் என்று தெரிந்தது. சத்தம் போட்டு அழுதுகொண்டே ஓடினேன். ஒரு பெண்பிள்ளை புருஷனுக்காக எப்படி அழுவாளோ அப்படி அழுதேன். வழியில் வேலி கட்டிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். யாரோ பின்னால் கூப்பிட்டார்கள். நிற்கவில்லை.

எங்கள் களத்துமேட்டில் வேப்பமரத்தடியில் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையில் சொம்பு. அம்மா எதிரே தரையில் கடலை உரித்துக்கொண்டிருந்தார். இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்ணால் பார்த்தும் என் கால் நிற்கவில்லை, அழுகையும் நிற்கவில்லை. சத்தம் கேட்டு அப்பா நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், அவிழ்ந்த தலையைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எழுந்து நின்றார்.

"நெசந்தானா பாப்பா?" என்றார்.

இல்லை என்று சொல்ல எனக்கு மூச்சு இல்லை. தலையை ஆட்டினேனா, கையை ஆட்டினேனா, தெரியாது. அவர் கையிலிருந்த சொம்பு விழுந்தது. பிறகு அவர் விழுந்தார்.

நடந்தது என்ன என்று அம்மா பிறகுதான் சொன்னார். லாரிக்கார அண்ணா எனக்கு வெகுநேரம் முன்பே வந்திருக்கிறார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு, சொல்லவேண்டியதைத் தரையைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அப்பா ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்திருக்கிறார். பிறகு, "யாரு தலையில காக்கா தட்டுச்சு?" என்று கேட்டிருக்கிறார். அண்ணாவால் அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா அந்த வழக்கத்தை அறியாதவரா? அவரே வாலிபத்தில் இரண்டு வீட்டுக்கு இப்படிப் பொய்ச்சேதி கொண்டுபோனவர். அண்ணாவுக்கு மோர் கொடுத்து, பக்கத்துத் தோப்புக்கு லோடு ஏற்ற அனுப்பிவிட்டு, அம்மாவிடம், "மாப்பிள்ளைக்கு நல்லதுன்னா ரெண்டு பேரும் கொஞ்சம் அழுதுருவோம்" என்று சொல்லியிருக்கிறார். அழ முயன்றிருக்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததும் சிரிப்புதான் வந்ததாம். நான் பார்த்தது அந்தச் சிரிப்பை.

பொய் சொல்ல வந்தவரை நம்பாத என் அப்பா, உண்மை சொல்ல ஓடிய என்னை நம்பிவிட்டார்.

அம்மாவின் கூச்சல் கேட்டு, தோப்பிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். பாதி ஏற்றிய லோடோடு லாரியைக் கொண்டுவந்து, மாங்காய்மேல் சாக்கை விரித்து, அப்பாவைக் கிடத்தினோம். ஊத்தங்கரை ஆஸ்பத்திரிக்கு லாரி குதித்துக் குதித்துப் போனது. அவர் தலை என் மடியில். உதடு நீலமாக இருந்தது. நான் அவர் காதில் வாயை வைத்துக் கத்தினேன். "அவரு நல்லா இருக்காருப்பா. நல்லா இருக்காரு. வேலைக்குப் போயிருக்காரு." கத்தக் கத்த எனக்கே அது பொய்யாகக் கேட்டது. அவர் நல்லா இருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? காலையில் பார்த்தது. அழுகையைக் கெடுத்தது நான். அந்த நேரம் ஓசூரில் இரும்பு இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும். இந்தப் பக்கம் அப்பா போகிறார், அந்தப் பக்கம் அவர் போகிறார், நடுவில் மாங்காய்ப் பால் நாற்றத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு பயத்தை நான் அறிந்ததில்லை.

ஊத்தங்கரை வருவதற்குள் அப்பா கண் திறந்தார். என்னைப் பார்த்தார். "இருக்காரா?" என்று உதடு மட்டும் அசைந்தது. "இருக்காருப்பா" என்றேன். அவர் கண்ணின் இரண்டு ஓரத்திலிருந்தும் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

பொழுது சாயும் நேரம் என் கணவர் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தவரிடம் வீட்டுக்காரம்மா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அப்படியே பஸ் ஏறி, சாமல்பட்டியில் விசாரித்து இங்கே வந்திருக்கிறார், கம்பெனி நீலச் சட்டையோடு. நான் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். கிரீஸ் அழுக்கோடு முழுசாக இருந்தன. அவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் நின்று அன்றுதான் பார்த்தேன். உள்ளே கூட்டிப்போனேன். அப்பா மாப்பிள்ளையின் கையைத் தேடி எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்.

சில நாள் கழித்து ஓசூர் திரும்பினேன். வீட்டுக்காரம்மா என் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கி, "ஆனா அழுதாரா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அழுதாரு. நானும் அழுதேன். திருப்தியா?" என்று கத்தினேன். அவர் கண்ணை மூடிக் கைகூப்பினார். "அப்போ கழிஞ்சுது" என்றார். அதற்குமேல் அவரிடம் கோபித்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. உண்மையைச் சொன்னால், அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கும் உள்ளுக்குள் ஏதோ இறங்கியது.

குஞ்சுகள் பறந்துவிட்டிருந்தன. ஆடிக் காற்றில் கூடு மொத்தமாகக் கீழே விழுந்தது. கட்டுக்கம்பியும் லேத் சுருளுமாக, கையில் எடுத்தால் குத்தியது. நான் இரை போடுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்ன ஆகுமோ என்று பயம். அடுத்த கோடையில் அதே ஜோடி அதே கிளையில் கட்டியது. குஞ்சு பறக்கும்வரை என் கணவர் கொல்லைக்கு வரும்போதெல்லாம் அலுமினியக் குண்டானைத் தலையில் கவிழ்த்துக்கொண்டுதான் சைக்கிளை எடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். போட்டுக்கொண்டார். தெருவே சிரித்தது. வளைந்த அலகுக்காரன் இரண்டு தடவை வந்து குண்டானைத் தட்டினான், 'டங்' என்று. அது என் நெஞ்சில்தான் கேட்டது.

ஊருக்குப் போவதும் பழையபடி இல்லை. சொல்லாமல் திடீரென்று போய் நின்றால் அப்பா கட்டிலிலிருந்து எழுந்து கட்டிலைப் பிடித்துக்கொள்வார். அதனால் ரயில்வே கேட் தாண்டியதுமே நான் சிரிக்க ஆரம்பிப்பேன். வேலி ஓரத்தில் ஒற்றையாளாகச் சிரித்துக்கொண்டு நடப்பேன். களத்துமேடு தெரிந்ததும் கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டு, "நல்லா இருக்காருப்பா" என்று கத்துவேன். அப்பா உட்காருவார். "ஓட்டல் எப்படி ஓடுது?" என்பார். அதன்பிறகுதான் தண்ணீர், சாப்பாடு, ஊர்ப் பேச்சு எல்லாம். பல வருஷம் இப்படியே நடந்தது. நாளாக நாளாக எங்கள் வீட்டில் அது வேடிக்கைக் கதையாகிவிட்டது. அப்பாவே ஆட்களைக் கூட்டிவைத்து, தான் விழுந்ததை நடித்துக் காட்டுவார். வீட்டில் யாராவது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தால், "யாரு தலையில காக்கா தட்டுச்சு?" என்று கேட்பதே எங்கள் குடும்பத்துப் பேச்சாகிவிட்டது.

ஒரு மாங்காய்க் காலம். காலையில் கொல்லையில் நொய்யைத் தூவிக்கொண்டிருந்தேன். மைனாக்கள் நடந்துவந்தன. கொல்லைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். லாரிக்கார அண்ணா நின்றார். முந்தின நாள் சாமல்பட்டிப் பக்கம் லோடு ஏற்றப் போனவர். இப்போது தலை நரைத்திருந்தது. தோளிலிருந்த துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒங்க அப்பா…" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையிலிருந்த நொய்யை உதறிக்கொண்டே, "யாரு தலையில காக்கா தட்டுச்சுண்ணா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. நான் மறுபடியும் கேட்டேன்.